மட்டக்களப்பில் பிரபஞ்சத்தின் முடிவைப் பற்றி ஒரு மாலை: நடத்த நினைப்பவர்களுக்கு

உங்கள் ஊர்ப் பாடசாலையிலோ நூலகத்திலோ ஒரு மாலை, இந்தப் பிரபஞ்சம் கடைசியில் என்ன ஆகும் என்று பேசி, பிறகு பிள்ளைகளை வெளியே கூட்டிப்போய் வானத்தைக் காட்ட நினைக்கிறீர்களா? நல்ல விஷயம். வானியல் பகுதி லேசு. கடிதம், நிலவு, மழை, கோயில் தீர்த்தம், எழுத்துரு இவைதான் ஆளைப் படுத்தி எடுக்கும். நான் அலைந்த அலைச்சல் இன்னொருவருக்கு வேண்டாம் என்று இதை எழுதுகிறேன். மட்டக்களப்பை வைத்து எழுதினாலும் கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் பக்கம் இருப்பவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

1. தலைப்பில் ‘அழிவு’ வேண்டாம்

‘உலக அழிவு’, ‘பிரபஞ்சம் அழியும் நாள்’ என்றெல்லாம் போட்டால் கூட்டம் சேரும் என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். 2004 டிசம்பர் 26 ஐக் கண்ட கரை இது. நோட்டீசை யாரோ ஒருவர் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவார். பொழுதுபடுவதற்குள் அது வேறு செய்தியாகிவிடும். ‘பிரபஞ்சத்தின் எதிர்காலம்’ என்று போடுங்கள். அதற்குக் கீழே, பேசப்போகும் காலங்கள் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு அப்பால் என்று ஒரு வரி சேருங்கள்.

இந்து, இஸ்லாம், கிறிஸ்தவம் மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் வாழும் ஊர்கள் நம்முடையவை. ஒவ்வொன்றும் முடிவைப் பற்றித் தனக்கென ஒன்று சொல்லி வைத்திருக்கிறது. தொலைநோக்கிகள் அளந்ததை மட்டும் பேசப் போகிறோம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டு நகருங்கள். யுகக் கணக்கோடும் மறுமையோடும் ஒப்பிட்டுப் பார்க்க ஆசை வரும், குறிப்பாகத் தலைமை தாங்க வருபவருக்கு. அவருக்கு முன்கூட்டியே ஐந்து நிமிடம் என்று சொல்லி வையுங்கள்.

2. நாள் பார்ப்பது

போயா விடுமுறைதானே, அன்றைக்கு வைக்கலாமே என்பார்கள். போயா என்றால் பூரணை. அந்த வெளிச்சத்தில், நீங்கள் காட்ட வேண்டிய முக்கியமான பொருள் வெறுங்கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

அந்தப் பொருள் அந்திரொமேடா. நம் பால்வீதியைப் போன்ற இன்னொரு பேரடை, அதாவது கோடிக்கணக்கான நட்சத்திரங்களின் கூட்டம், 25 இலட்சம் ஒளியாண்டு தூரத்தில். தூரத்துப் பேரடைகள் எல்லாம் நம்மை விட்டு விலக, இது நம் பக்கம் வந்துகொண்டிருக்கிறது. பேச்சு முழுவதையும் இந்த ஒரு மங்கல் பொட்டைக் காட்டி விளக்கிவிடலாம். அதனால் நாளை இதற்காகவே பாருங்கள்.

வசதியான காலம் பெப்ரவரி. மாரி ஓய்ந்து வானம் தெளியத் தொடங்கியிருக்கும். இரவு ஏழேகாலிலிருந்து எட்டு மணிவரை அந்திரொமேடா வடமேற்கில் நிற்கும். தேய்பிறைச் சப்தமியிலிருந்து அமாவாசை வரை எந்த நாளென்றாலும் சரி. நிலவு எழும்பும்போது பிள்ளைகள் வீட்டில் படுத்திருப்பார்கள். நாட்காட்டியில் சிவராத்திரி எந்த நாளில் விழுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அது அமாவாசைக்கு முன்னிரவு என்பதால் வானம் நல்ல இருட்டாகத்தான் இருக்கும், ஆனால் ஆட்கள் கோயிலில் இருப்பார்கள். நோன்பு மாதமும் சில வருடங்களில் இந்தப் பக்கமாக வருகிறது. காத்தான்குடி, ஏறாவூர், கல்முனைப் பிள்ளைகளும் வருவதென்றால் நோன்பு திறக்கும் நேரத்தில் மோதாதீர்கள். மற்ற நாட்களில் மஃரிப் தொழுகைக்கு இருபது நிமிடம் இடைவேளை போட்டால் போதும்.

இரண்டாவது தெரிவு செப்ரெம்பர் கடைசி. அப்போது அது வடகிழக்கில் எழும்பும். ஆனால் நல்ல உயரத்துக்கு வர ஒன்பது மணியாகும். ஒக்டோபர் கடைசியில் ஏழரைக்கே தெரியும் என்று கைபேசியில் உள்ள வானம் பார்க்கும் செயலி காட்டும். நம்பி நாள் குறிக்காதீர்கள், அந்த நேரம் மழை தொடங்கிவிடும். ஆடி அமாவாசையை நினைக்கவே வேண்டாம். மாமாங்கத் தீர்த்தமும் திருக்கோவில் தீர்த்தமும் அன்றுதான்.

பரீட்சைக் காலத்தையும் பாருங்கள். உயர்தரம், புலமைப்பரிசில் போன்ற பரீட்சைகளுக்குச் சில நாள் முன்னரிருந்து வகுப்புகளுக்கும் கருத்தரங்குகளுக்கும் தடை போடுவது வழக்கம். உங்கள் நிகழ்ச்சி பாடம் நடத்துவதற்கல்ல என்றாலும், நோட்டீசில் ‘கருத்தரங்கு’ என்று இருந்தால் பதில் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டி வரும். ‘வானியல் மாலை’ என்று போடுங்கள்.

3. இடம்

கல்லடிக் கடற்கரைதான் எல்லோர் வாயிலும் முதலில் வரும். பெப்ரவரிக்கு அது சரிவராது. கடல் கிழக்கே இருக்கிறது, அந்திரொமேடா வடமேற்கே. கடற்கரையில் நின்றால் நகரத்து விளக்குகளுக்கு மேலே தேட வேண்டும். பெப்ரவரியில் வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரைப் பாடசாலை மைதானம் ஒன்று கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். செப்ரெம்பர் என்றால் எழுவான்கரைக் கடற்கரை.

படுவான்கரையில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று யானை. ஊர்க்காரர் ஒருவரைக் கேட்காமல் மைதானம் தெரிவு செய்யாதீர்கள். எட்டு மணிக்கு மேல் யாரையும் வைத்திருக்காதீர்கள். மற்றது வைக்கோல் புகை. பெரும்போக அறுவடை நடக்கும் நேரம் என்பதால் அடிவானத்தில் புகைமூட்டம் நிற்கலாம். முதல் நாள் மாலை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

4. கடிதங்கள்

ஆறு கிழமைக்கு முன்பே தொடங்குங்கள். தேவைப்படுபவை:

பாடசாலை அதிபருக்கு வேண்டுகோள் கடிதம். வெளியாள் ஒருவர் வந்து மாணவருக்குப் பேசுவதற்கு வலயக் கல்விப் பணிப்பாளரின் அனுமதி கேட்பார்கள். அதற்கான கடிதத்தை ‘அதிபர் ஊடாக’ என்று எழுதி, அதிபரின் ஒப்பமும் முத்திரையும் வாங்கிய பிறகே கொண்டுபோங்கள். நேரே கொண்டுபோய்க் கொடுத்தால் திரும்பி வரும்.

ஒரு பக்க நிகழ்ச்சி நிரல். இதில்தான் நான் அதிகம் அல்லாடினேன். ஓர் அலுவலகத்தில் ‘பிரபஞ்சத்தின் முடிவு’ என்ற வரியைப் பார்த்துவிட்டு, இது எந்தச் சபையின் பிரசங்கம் என்று கேட்டு, கடிதத்தை மேசையில் ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்துவிட்டார்கள். நிரலில் ‘உயர்தரப் பௌதிகவியல், பொது அறிவு தொடர்பானது’ என்று சேர்த்த பிறகே அசைந்தது. நீங்கள் முதலிலேயே சேர்த்துவிடுங்கள்.

பேசுபவரின் அடையாள அட்டைப் பிரதி, படித்த தகைமை பற்றி இரண்டு வரி. வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ பௌதிகவியல் படித்தவர் ஒருவர் கிடைத்தால் கடிதத்துக்கு எடை கூடும். கிடைக்காவிட்டால் உயர்தர ஆசிரியர் ஒருவர் போதும்.

பெற்றோர் சம்மதக் கடிதம். பொழுதுபட்ட பிறகு பிள்ளைகள் வெளியே நிற்பதால் இதை விடவே முடியாது. யார் கூட்டிப்போக வருவார், அவருடைய தொலைபேசி இலக்கம், இரண்டும் அதிலேயே இருக்கட்டும்.

பாடசாலைக்கு வெளியே வைப்பதென்றால் கிராம உத்தியோகத்தருக்கும் பொலிசுக்கும் எழுத்தில் அறிவித்துவிடுங்கள். ஒலிபெருக்கி போடுவதென்றால் பொலிஸ் அனுமதி தனியாக வேண்டும். நூறு பேருக்குள் என்றால் ஒலிபெருக்கியே வேண்டாம், ஒரு கடிதம் மிச்சம். அம்பாறை நகரப் பக்கம் கொடுக்கும் கடிதங்களுக்குச் சிங்களப் பிரதி ஒன்றையும் இணைத்தால் வேலை சுறுக்காக நடக்கும். எல்லாவற்றிலும் ஒரு பிரதி எடுத்து, ‘கிடைக்கப்பெற்றது’ என்று திகதியோடு ஒப்பம் வாங்கி வையுங்கள்.

5. பேச்சு: ஒரே கேள்வியில் கட்டுங்கள்

நாற்பது நிமிடம் போதும். இணையத்தில் தேடினால் பிரபஞ்சத்தின் முடிவுக்குப் பத்துப் பன்னிரண்டு கோட்பாடுகள் வரிசையாகக் கிடைக்கும். அந்த வரிசையை அப்படியே ஒப்புவித்தால் ஏழாவதில் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். எல்லாவற்றையும் ஒரு கேள்விக்குக் கீழே கொண்டுவரலாம்: பிரபஞ்சம் விரிந்துகொண்டிருக்கிறது, அந்த விரிவைத் தள்ளிக்கொண்டிருக்கும் சக்தி இனி என்ன செய்யும்?

முதலில் விரிவைக் காட்டுங்கள். தையல் சாமான் கடையில் அகலமான எலாஸ்டிக் இரண்டு முழம் வாங்கி, இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாகக் கறுப்புப் பேனாவால் புள்ளி வையுங்கள். ஒரு முனையை ஒரு பிள்ளை மேசையோடு அழுத்திப் பிடிக்கட்டும், மறுமுனையை இன்னொரு பிள்ளை மெதுவாக இழுக்கட்டும். பக்கத்துப் புள்ளி விரலளவு நகரும்போது கடைசிப் புள்ளி சாணளவு ஓடியிருக்கும். தூரத்துப் பேரடை ஏன் வேகமாக விலகுகிறது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. அதே எலாஸ்டிக்கை வேறொரு புள்ளியில் அழுத்தி இன்னொரு முறை இழுக்கச் சொல்லுங்கள். எந்தப் புள்ளியில் இருந்து பார்த்தாலும் மற்றவைதான் விலகும், நடு என்று ஒன்று இல்லை. இந்த இரண்டாவது இழுவையை விட்டுவிட்டால் ‘அப்போ நடுவில் என்ன இருக்கிறது?’ என்ற கேள்வி கடைசிவரை துரத்தும்.

அடுத்தது, அந்த விரிவு வேகம் கூடிக்கொண்டு போகிறது என்பது. 1998 இல் இரண்டு குழுக்கள் தனித்தனியாகக் கண்டன; 2011 இல் நோபல் பரிசு கிடைத்தது. எப்படி அளந்தார்கள் என்பதை மறக்காமல் சொல்லுங்கள். வெண்குள்ளன் என்ற செத்த நட்சத்திரத்தின் நிறை, சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கை நெருங்கும்போது வெடிக்கும் ஒரு வகை உண்டு. அந்த வெடிப்புகளின் உண்மையான பிரகாசத்தைக் கணிக்க முடியும் என்பதால், மங்கித் தெரியும் அளவை வைத்துத் தூரம் சொல்லலாம். அந்த 1.4 என்ற எல்லையைக் கணக்கிட்டவர் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த சுப்பிரமணியன் சந்திரசேகர், 1983 இல் நோபல் பெற்றவர். பிள்ளைகள் நிமிர்ந்து உட்காரும் இடம் இது.

வேகத்தைக் கூட்டும் காரணிக்கு இருண்ட சக்தி என்று பெயர். பிரபஞ்சத்தில் உள்ளதில் ஏறக்குறைய 68 வீதம் அது. நாமும் நட்சத்திரங்களும் சேர்ந்து 5 வீதம்தான். இனிக் கேள்வியைப் போடுங்கள்.

அது மாறாமல் இப்படியே இருந்தால் வெப்ப மரணம். பெயரைக் கேட்டு எரிந்து போவதாக நினைப்பார்கள். நடப்பது குளிர்ந்து போவது. தூரத்துப் பேரடைகள் பார்வைக்கு எட்டாமல் போகும். புது நட்சத்திரம் பிறப்பது நிற்கும். செங்குள்ளன்கள் என்ற, நீண்ட ஆயுள் உள்ள சிறிய சிவப்பு நட்சத்திரங்களும் ஒவ்வொன்றாக அணையும். கருந்துளைகள்கூட மெல்ல மெல்ல ஆவியாகும் என்று 1974 இல் பௌதிகவியலாளர் ஸ்டீபன் ஹோக்கிங் காட்டினார். உயர்தர மாணவருக்கு ‘எந்திரப்பி’ (ஒழுங்கின்மையின் அளவு) என்று ஒரு சொல் போதும், மிச்சத்தை அவர்களே பிடித்துக்கொள்வார்கள். இன்றைய அளவீடுகளுக்குப் பெரும்பாலும் பொருந்துவது இந்த முடிவு.

அது வலுத்துக்கொண்டே போனால் பெருங்கிழிவு. 2003 இல் வந்த ஆய்வுக் கட்டுரை ஒன்று, ஒரு குறிப்பிட்ட பெறுமானத்தை எடுத்து, 2200 கோடி ஆண்டில் முடிவு என்று கணக்குப் போட்டது. முடிவுக்கு 6 கோடி ஆண்டு முன் பால்வீதி பிய்யும், மூன்று மாதம் முன் கோள்கள் சூரியனை விட்டுக் கழலும், அரை மணி நேரம் முன் பூமி சிதறும். பிள்ளைகளுக்கு இதுதான் பிடிக்கும், அதனால் இங்கேதான் பொறியும் இருக்கிறது. 2200 கோடி என்பது உதாரணத்துக்காக எடுத்த தீவிரமான ஒரு பெறுமானத்தின் விளைவு. அளவீடுகள் அங்கே சுட்டவில்லை. இதை அதே மூச்சில் சொல்லிவிடுங்கள்.

அது தளர்ந்து, கடைசியில் விரிவு நின்று திரும்பினால் பெருஞ்சுருக்கம். இதைப் பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. அரிசோனாவில் இருந்து பேரடைகளை வரைபடமாக்கும் டெசி என்ற கருவி 2024 ஏப்ரலிலும் 2025 மார்ச்சிலும் வெளியிட்ட முடிவுகளில், இருண்ட சக்தி காலத்தோடு வலுக்குறைகிறதோ என்ற சந்தேகம் எழுந்தது. கண்டுபிடிப்பு என்று அறிவிக்கப் பௌதிகவியலாளர்கள் கேட்கும் 5 சிக்மா அளவை, அதாவது தற்செயலாக வந்திருக்க வாய்ப்பு மிக மிகக் குறைவு என்ற நிலையை, அது எட்டவில்லை. தளர்ந்தாலும் சுருங்கியே ஆக வேண்டும் என்றும் இல்லை.

இந்தக் கேள்விக்குள் அடங்காத ஒன்று வெற்றிடச் சிதைவு. நாம் இருக்கும் வெற்றிடம் ஆகக் குறைந்த சக்தி நிலையில் இல்லாவிட்டால், எங்கோ ஓரிடத்தில் அது சரிந்து, ஒளிவேகத்தை ஒட்டிய வேகத்தில் குமிழியாகப் பரவலாம். 2012 இல் கண்ட ஹிக்ஸ் துகளின் நிறை இந்தப் பேச்சுக்கு இடம் கொடுத்தது. மூன்று நிமிடத்துக்கு மேல் எடுக்காதீர்கள். ஐரோப்பாவில் உள்ள சேர்ன் ஆய்வுகூடத்தின் துகள் மோதும் இயந்திரம் இதைத் தொடக்கிவிடும் என்று ஒரு வீடியோ சுற்றுகிறது. அதைவிட அதிக சக்தியுள்ள விண்கதிர்கள் கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் பூமியில் மோதிக்கொண்டிருக்கின்றன, ஒன்றும் ஆகவில்லை.

6. எண்களை ஒரே அளவில் சொல்லுங்கள்

பிள்ளைகளுக்குப் பில்லியன், பெரியவர்களுக்குக் கோடி. திரையில் ஒன்று, வாயில் ஒன்று என்று இருந்தால் இரண்டு பக்கமும் தொலைந்துவிடும். கரும்பலகையில் முதலிலேயே ‘1 பில்லியன் = 100 கோடி’ என்று எழுதி, அழிக்காமல் விடுங்கள். பிறகு இவற்றை ஒரு தாளில் கொடுங்கள்:

பிரபஞ்சத்தின் இன்றைய வயது: 1380 கோடி ஆண்டு.
பூமியின் கடல்கள் வற்றத் தொடங்குவது: இன்னும் ஏறக்குறைய 100 கோடி ஆண்டில்.
சூரியன் செம்பூதமாவது (ஊதிப் பெருத்த சிவப்பு நட்சத்திரமாவது): ஏறக்குறைய 500 கோடி ஆண்டில்.
நட்சத்திரம் பிறப்பது நிற்பது: ஏறக்குறைய கோடியைக் கோடியால் பெருக்கினால் வரும் ஆண்டுகளில்.
சூரியன் அளவு நிறையுள்ள கருந்துளை ஆவியாவது: 1 போட்டு 67 பூச்சியம்.
மிகப் பெரிய கருந்துளைகள்: 1 போட்டு 100 பூச்சியம்.

கடைசி எண்ணை ஒரு பிள்ளையைக் கூப்பிட்டுப் பலகையில் எழுதச் சொல்லுங்கள். நாற்பதாவது பூச்சியத்தில் கை வலிக்கும், பின்னால் இருப்பவர்கள் எண்ணத் தொடங்குவார்கள், அதற்குப் பிறகு எந்த விளக்கமும் தேவைப்படாது.

அந்திரொமேடா நம்மோடு கட்டாயம் மோதும் என்று பழைய வீடியோக்கள் சொல்லும். 2025 இல் வந்த ஆய்வு, அடுத்த 1000 கோடி ஆண்டுக்குள் மோதும் வாய்ப்பு ஏறக்குறைய பாதிக்குப் பாதி என்கிறது.

7. செலவு

மல்டிமீடியா புரொஜெக்டரை வாடகைக்கு எடுக்காதீர்கள். அநேகமான பாடசாலைகளின் கணினி அறையில் ஒன்று இருக்கும், கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள். மிச்சம் தேநீர், கடிச்சாமான், போட்டோக்கொப்பி, நுளம்புத்திரி, எலாஸ்டிக். பைனோகுலரை வாங்க வேண்டாம், தெரிந்தவர்களிடம் இரவல் கேளுங்கள். ஆளுக்கு ஐந்து பக்கம் அச்சடிக்கும் ஆசையை விட்டு ஒரு தாளில் இரண்டு பக்கமும் அடித்தால் செலவு பெரிதாகக் குறையும். மண்டபத்துக்கு வைப்புப் பணம் கேட்டால் பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள், அது இல்லாமல் காசு திரும்பாது.

பணம் செலவாகாத, ஆனால் நிகழ்ச்சியையே கவிழ்க்கக்கூடிய இரண்டு பொறிகள் உண்டு. படவில்லைகளைப் பாமினி எழுத்துருவில் செய்திருந்தால் அங்கே இருக்கும் கணினியில் எழுத்தெல்லாம் கோழி கிளறியதுபோல வரும். பிடிஎஃப் ஆக மாற்றி எடுத்துப்போங்கள். அடுத்தது பிளக். பழைய கட்டடங்களில் குண்டுப்பின் பொருத்தி இருக்கும், உங்கள் வயர் சதுரப்பின்னாக இருக்கும். இரண்டுக்கும் பொருந்தும் அடாப்டர் ஒன்று பையில் கிடக்கட்டும்.

8. வெளியே

பெப்ரவரி என்றால் ஏழேகாலுக்கு எல்லோரும் மைதானத்தில் நிற்க வேண்டும். கைபேசித் திரைகளை அணைக்கச் சொல்லுங்கள், உங்கள் டோர்ச்சுக்குச் சிவப்புச் செலோபேன் சுற்றுங்கள். கண் இருட்டுக்குப் பழகப் பத்து நிமிடமாவது வேண்டும், அதுவரை ஒறையன் என்ற நட்சத்திரக் கூட்டத்தின் பக்கம் திருப்புங்கள். அங்கே சிவந்து தெரிவது திருவாதிரை. ஒரு இலட்சம் ஆண்டுக்குள் வெடிக்கக்கூடிய நட்சத்திரம் அது. பெயர் ஏற்கெனவே தெரிந்தது என்பதால் அம்மம்மாக்கள் உடனே சேர்ந்துகொள்வார்கள்.

பிறகு வடமேற்கு. கையை நீட்டி முட்டி மடக்கினால் ஒரு முட்டி ஏறக்குறைய பத்துப் பாகை. அடிவானத்திலிருந்து இரண்டரை முட்டி உயரத்தில், எம் (M) எழுத்துப் போலச் சாய்ந்து தெரியும் காசியோப்பியா நட்சத்திரக் கூட்டத்துக்கு இடப்பக்கம், பஞ்சு ஒட்டியதுபோல ஒரு பொட்டு. பைனோகுலரில் நீள்வட்டமாகத் தெரியும். படங்களில் வருவது போலச் சுருளும் நிறமும் தெரியாது என்று முன்பே சொல்லுங்கள், இல்லாவிட்டால் முகம் சுண்டிவிடும். பச்சை லேசரைப் பெரியவர் ஒருவர் மட்டும் வைத்திருக்கட்டும். விமானம் போகும்போதும் முகாம்கள் இருக்கும் திசையிலும் பிடிக்கவே கூடாது.

9. கேள்விகளும் பிறகும்

‘அப்போ படித்து என்ன பிரயோசனம்?’ என்று ஒரு பையன் கேட்பான், எல்லா ஊரிலும் கேட்பான். சிரித்துவிட்டு விடலாம். ஒரு அம்மா கேட்டது வேறு மாதிரி: “அப்ப நம்மட பேரப்புள்ளையளுக்கு ஒண்டும் ஆகாதா மகன்?” ஆகாது அம்மா, இதெல்லாம் நடக்க எண்ணவே முடியாத காலம் கிடக்கிறது என்றேன். அவர் கையில் இருந்த தாளை மடித்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார். இப்படிக் கேட்பவர்களுக்கு ‘நாள், நேரம் எதுவும் யாருக்கும் தெரியாது’ என்று பொதுவாகச் சொல்லாதீர்கள், அது பயத்தைக் கூட்டும். எண்ணைச் சொல்லுங்கள்.

நிகழ்ச்சி முடிந்த கிழமைக்குள் அதிபருக்கும் வலயத்துக்கும் நன்றிக் கடிதம் கொடுங்கள். வந்தவர் எத்தனை பேர், இரண்டு படம், பாடசாலையிடமிருந்து பெற்ற பொருட்களைத் திருப்பிக் கொடுத்ததற்கான ஒப்பம் மூன்றையும் அதோடு இணையுங்கள். அனுமதிக் கடிதத்தின் இலக்கத்தையும் திகதியையும் குறித்து வைத்தால், அடுத்த முறை அதை மேற்கோள் காட்டி ஒரு பக்கக் கடிதத்தோடு வேலை முடியும்.